தங்க மூட்டில் தங்கம் இல்லை



லெந்து நாட்களின் தொடக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்களுக்கு ஒரு கடிதமும் காணிக்கையும் அனுப்பியிருந்தார். பெயரை வெளியிட வேண்டாம் என்பது அவர் விருப்பம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நகரத்திலுள்ள ஒரு மருத்துவமனையில் அவருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்தது. வைத்தது பொன்னிறமான மூட்டு. அறுவைக்கு முன் கையில் கொடுத்துக் காட்டினார்களாம். 'தங்க மூட்டு' என்றே அங்கு பெயராம். "எனக்குத் தங்க மூட்டு வைத்திருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் ஏழைத் தாய்மாருக்கு மட்டமானதை வைத்தால் அதற்கு நானும் ஆண்டவரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும். இந்தப் பணத்தில் ஒருவருக்காவது எனக்கு வைத்ததையே வையுங்கள்" என்று எழுதியிருந்தார்.

கடிதத்தை எலும்பு அறுவை மருத்துவரிடமும் உதவி நிதிக் குழுவிடமும் வைத்தோம். பதில் எழுதுமுன் நாங்களே சில காரியங்களைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. குழுவிலுள்ள மூப்பர் ஒருவர் உலோகங்களைச் சூளையிலிட்டுப் பதப்படுத்தும் ஆலையில் முப்பது ஆண்டுகள் பணிசெய்து ஓய்வுபெற்றவர். மூன்று மாலைகள் அவருடன் உட்கார்ந்து கேட்டதையும், மருத்துவர் விளக்கியதையும் இங்கே எழுதுகிறோம். மூட்டு மாற்றுக்கென்று காணிக்கை அனுப்புகிற மற்றவர்களுக்கும் இதே கேள்வி எழக்கூடும்.

முதலாவது, அந்த மூட்டில் தங்கம் இல்லை. மேலே தெரிகிற பொன்னிறம் டைட்டானியம் நைட்ரைடு என்ற பொருளின் நிறம், அல்லது அதற்கு நெருங்கிய உறவான ஒரு பொருளின் நிறம். டைட்டானியம் என்ற உலோகமும், நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காயிருக்கும் நைட்ரஜன் வாயுவும் கூடிப் பிறப்பது இது. இரும்புக்கடையில் பொன்னிறமான துளையிடும் பிட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின்மேல் இருப்பதும் இதுவே. அழகுக்காக அல்ல, தேயாமலிருப்பதற்காக. (எலும்பு முறிவுக்கு வைக்கும் டைட்டானியத் திருகுகளிலும் சில பொன்னிறமாயிருக்கும். அது வேறு. மின்சாரத்தால் மேற்பரப்பில் ஆக்சைடு படியச் செய்து, அளவை அடையாளம் காண்பதற்காக வரவழைக்கும் நிறம் அது. அதிலும் தங்கம் இல்லை.)

இந்தப் பொருள் மனித மூட்டுக்குள் ஏன் வந்தது என்று சொல்ல, 1997ல் எங்கள் மருத்துவமனையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வேறோர் ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட பெரியவர் ஒருவர், நடக்க முடியாத வலியுடன் எங்களிடம் வந்தார். மூட்டு ஆட்டம் கண்டிருந்தது. திறந்து பார்த்தபோது சுற்றியிருந்த சதை விளக்குக் கரி அப்பியதுபோல் கறுத்திருந்தது. வெளியே எடுத்த உலோகக் குண்டு மங்கிப்போய்க் கீறல் கீறலாயிருந்தது. மறுநாள் அவர் படுக்கையருகே ஜெபிக்கச் சென்றபோது, தாதியர் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்திருந்தது. "உள்ளே எல்லாம் கறுத்துப் போயிருந்ததாமே ஐயா, நான் செய்த பாவமா?" என்று கேட்டார். பாவம் அல்ல என்று உறுதியாய்ச் சொன்னோம். பின்னே எப்படிக் கறுத்தது என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இறையியல் கல்லூரியில் துன்பத்தைப் பற்றி நிறையப் படித்தோம்; உலோகத்தைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை. பிறகு மருத்துவர்தான் சொன்னார். குண்டு டைட்டானியம் கலந்த உலோகத்தால் ஆனது; கறுப்பு என்பது அந்த உலோகமே உராய்ந்து உதிர்ந்த நுண்பொடி. இதைப் போய்ச் சொன்ன பிறகுதான் அந்தப் பெரியவர் தூங்கினார்.

டைட்டானியம் நல்ல உலோகம் என்பதில் ஐயமில்லை. அதை முதலில் கண்டறிந்தவர் ஒரு போதகர் என்பது எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஊழியம் செய்த வில்லியம் கிரிகோர் 1791ல் அங்குள்ள கருமணலை ஆராய்ந்து, அதில் அதுவரை அறியப்படாத உலோகம் ஒன்று அடங்கியிருப்பதாகக் கண்டார். அந்த மணலிலுள்ள இல்மனைட் தாதுதான் நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலிலும் கிடைக்கிறது. 1795ல் ஜெர்மானிய அறிஞர் கிளாப்ரோத் டைட்டானியம் என்ற பெயரைக் கொடுத்தார். ஆனால் தூய உலோகமாக அதைப் பிரித்தெடுக்க 1910 வரை ஆயிற்று. காரணம், சூடேறினால் அது ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் தாகத்தோடு இழுத்துக்கொள்ளும், இழுத்துக்கொண்டபின் விடாது. தூய நைட்ரஜனிலேயே எரியக்கூடிய உலோகங்கள் மிகச் சில; டைட்டானியம் அவற்றில் ஒன்று. இந்தத் தாகத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இனிச் சொல்லப்போகிற நன்மையும் தீமையும் இதிலிருந்தே வருகின்றன.

எலும்போடு டைட்டானியம் ஒத்துப்போவதை 1952ல் முயல்களின் எலும்பில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சுவீடன் மருத்துவர் பிரேனெமார்க் கண்டார். பொருத்திய கருவியைத் திரும்ப எடுக்க முடியாதபடி எலும்பு அதைப் பற்றிக்கொண்டு வளர்ந்திருந்தது. 1965ல் ஒரு மனிதரின் தாடையில் டைட்டானிய வேர்களைப் பதித்து அவற்றின்மேல் பற்களைப் பொருத்தினார். எடையும் குறைவு, துருவும் இல்லை, எலும்பும் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே இடுப்பு மூட்டுக்கும் இதையே எடுத்தார்கள். 90 பங்கு டைட்டானியம், 6 பங்கு அலுமினியம், 4 பங்கு வனேடியம் என்ற கலவையே இதில் அதிகம் பயன்பட்டது.

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணத்துக்குள் சுழலும் குண்டு. இங்கிலாந்தில் சார்ன்லி என்ற மருத்துவர் 1962ல் துருப்பிடிக்காத எஃகுக் குண்டையும் கடினமான பாலிதீன் கிண்ணத்தையும் வைத்து இந்த அறுவையை நிலைநிறுத்தினார். பிற்பாடு சிலர் தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டையும் மேலுள்ள குண்டையும் டைட்டானியக் கலவையிலேயே செய்தார்கள். எலும்புக்குள் இருந்த தண்டு நன்றாயிருந்தது. உராயும் குண்டுதான் கெட்டது. சதை கறுத்ததையும் எலும்பு கரைந்ததையும் பற்றி 1988லும் 1989லும் அமெரிக்க மருத்துவர்கள் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். எங்கள் பெரியவருக்கு நடந்ததும் அதுவே.

இதில் எங்களை வியக்க வைத்தது ஒன்று. வைரமுனையை உலோகத்தில் அழுத்தி, விழும் குழியின் அளவைக்கொண்டு கடினத்தைக் கணக்கிடுவார்கள். விக்கர்ஸ் எண் என்று பெயர். டைட்டானியக் கலவைக்கு அது சுமார் 350. மூட்டுகளுக்கு நெடுங்காலமாகப் பயன்படும் கோபால்ட் குரோம் கலவைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். எண் ஒன்றாயிருக்க, ஒன்று தேய்கிறது, மற்றது நிற்கிறது. மூப்பர் விளக்கினார்: டைட்டானியத்தின் மேல் ஒரு ஆக்சைடு ஏடு உண்டு, சில நானோமீட்டர் கனம், அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பங்கு. உராயும்போது அது கிழிகிறது. கிழிந்த இடத்தில் வெறும் டைட்டானியம் எதிர்ப்பட்டதோடு ஒட்டிக்கொண்டு பிய்கிறது. எலும்புச் சிமென்ட்டின் துணுக்கு ஒன்று பாலிதீனில் பதிந்துவிட்டால் அது அரம்போல் அராவுகிறது. பிய்ந்த பொடி மேலும் அராவுகிறது.

ஆகவே தோலை மட்டும் கெட்டிப்படுத்த வழி தேடினார்கள். அதற்குப் பழைய, எளிய வழி வாயு நைட்ரைடிங்.

எஃகுக்கு இது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வழக்கம். அம்மோனியா வாயுவில் சுமார் 500 டிகிரியில் வைப்பார்கள். டைட்டானியத்துக்கு அம்மோனியா ஆகாது. அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜனையும் டைட்டானியம் விழுங்கி நொறுங்கும் தன்மையடைந்துவிடும். தூய நைட்ரஜன்தான் வேண்டும். தூய என்றால் மிகத் தூய. சிறிது ஆக்சிஜனோ ஈரமோ இருந்தால் உலோகம் முதலில் அதைத்தான் பிடிக்கும். உருப்படிகளைக் கழுவி, கையுறையோடு எடுத்துச் சூளைக்குள் அடுக்குவார்கள். வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் உப்பு தங்கி, சூட்டில் அந்த இடத்திலேயே விரிசல் விடக்கூடும். பிறகு சூளையை மூடி, வேக்குவம் பம்பினால் காற்றை இழுத்துவிட்டு நைட்ரஜனை நிரப்பி, 850 முதல் 950 டிகிரி வரை சூடேற்றிப் பல மணி நேரம் வைத்திருப்பார்கள். 1000 டிகிரியை எட்டவிடக் கூடாது; அந்த அளவில் இந்தக் கலவையின் உள்ளமைப்பே மாறி மணிகள் பருத்துவிடும்.

வீட்டில் மாங்காயை உப்பிலிடுகிறவர்களுக்கு உள்ளே நடப்பது எளிதாய் விளங்கும். உப்பு வெளியிலிருந்து உள்ளே இறங்கும். ஓரத்தில் அதிகம், நடுவில் குறைவு. நைட்ரஜனும் சூடான மேற்பரப்பில் அணுவணுவாகப் பிரிந்து, டைட்டானிய அணுக்களின் இடுக்குகளில் புகுந்து உள்ளே நகர்கிறது. வெளியோரத்தில் நைட்ரஜன் நிறைந்து பொன்னிற நைட்ரைடு உண்டாகிறது. அதன் கடினம் ஏறத்தாழ 2000. அதன் கீழே நைட்ரஜன் குறைந்த வேறொரு நைட்ரைடு. அதற்கும் கீழே, நைட்ரைடாக மாறாமல் நைட்ரஜனை உள்வாங்கி விறைத்த டைட்டானியம். இன்னும் கீழே பழைய உலோகம். பொன்னிற ஏடு சில மைக்ரான்தான். விறைத்த பகுதி பல பத்து மைக்ரான் இறங்கும். தலைமயிர் ஒன்றின் கனம் 50 முதல் 100 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். சூளையில் இருமடங்கு நேரம் வைத்தால் ஏடு இருமடங்கு ஆகாது. இருமடங்கு கனத்துக்கு நாலு மடங்கு நேரம் ஆகும். உள்ளே போகப் போக வழி நீளுகிறது அல்லவா?

இந்த முறையின் சிறப்பு இரண்டு. வாயு எந்த வளைவுக்குள்ளும் துளைக்குள்ளும் ஒரேபோல் செல்லும். உண்டான ஏடு வெளியிலிருந்து ஒட்டியதாயிராமல் உலோகத்திலிருந்தே வளர்ந்ததாயிருக்கும். வேதம் அறிந்த நம் வாசகர்களுக்கு ஆசரிப்புக் கூடாரத்தை நினைவூட்டினால் போதும். உடன்படிக்கைப் பெட்டி சீத்திம் மரத்தின்மேல் பொன்தகடு மூடியது. குத்துவிளக்கோ ஒரே பொன்னிலிருந்து அடித்து உருவாக்கியது. நைட்ரைடிங் குத்துவிளக்கு வகை என்று நாங்கள் சொன்னபோது மூப்பர் சிரித்துக்கொண்டு, "முழுவதும் சரியில்லை, ஆனால் இருக்கட்டும்" என்றார்.

இவ்வளவு நல்ல முறை என்றால் எல்லா மூட்டையும் சூளையிலிட வேண்டியதுதானே? எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்போது மூப்பர் ஒரு விமான விபத்தைச் சொன்னார்.

1989 ஜூலை 19ஆம் தேதி அமெரிக்காவில் டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் புறப்பட்ட டிசி-10 விமானத்தின் வால் எஞ்சினில், டைட்டானியக் கலவையாலான பெரிய சக்கரத்தட்டு நடுவானில் உடைந்தது. விமானத்தைத் திருப்பும் எண்ணெய்க் குழாய்கள் எல்லாம் அறுந்தன. ஐயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் அது தரையில் மோதி எரிந்தது. இருந்த 296 பேரில் 112 பேர் மாண்டார்கள். மற்றவர்கள் பிழைத்தது விமானிகளின் திறமையால். விசாரணையில் கண்டது இது: பல ஆண்டுகளுக்கு முன் அந்த டைட்டானியத்தை உருக்கியபோது, நைட்ரஜன் மிகுந்த ஒரு சிறு கடினத் துகள் உள்ளே தங்கிவிட்டது. அதனருகே தொடங்கிய விரிசல் ஒவ்வொரு பயணத்திலும் சிறிது சிறிதாக வளர்ந்தது. சோதனைகளிலும் கண்ணில் படவில்லை.

அதே டைட்டானியம், அதே நைட்ரஜன். உராயும் தோலில் நின்றால் காவல். சுமை தாங்கும் உடலுக்குள் நின்றால் கேடு. கடினமானது வளையாது, வளையாதது வெடிக்கும். வெடிப்பு ஒன்று தோன்றிவிட்டால் அதற்குப் பிறகு காலம்தான் கணக்கு.

மூட்டுக்கும் இது பொருந்தும். நடக்கும்போது இடுப்பில் விழும் சுமை உடலெடையைப்போல் மூன்று மடங்கு வரை. ஆண்டுக்கு ஒரு காலுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் அடிகள். எலும்புக்குள் இருக்கும் தண்டு ஒவ்வொரு அடிக்கும் சிறிது வளைந்து நிமிர்கிறது. அதன்மேல் நொறுங்கும் ஏடு இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். சூளைச் சூட்டில் உள்ளமைப்பு பருத்துப் போவதும் சேர்ந்து, திரும்பத் திரும்ப விழும் சுமையைத் தாங்கும் வலிமையைக் குறைக்கிறது. பரிசோதனைகளில் இது பலமுறை காணப்பட்டிருக்கிறது. குண்டை மட்டும் நைட்ரைடு செய்யலாம் என்றால், சூளையிலிருந்து வரும் மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாயிருக்கும். மெருகேற்றினால் அந்தச் சில மைக்ரான் ஏடே குறைந்துபோகும். சூடேற்றாமல் நைட்ரஜன் அணுக்களை மின்விசையால் எய்து பதிக்கும் முறையும் பயன்பட்டது. அதில் ஆழம் ஒரு மைக்ரானையும் எட்டாது.

கடைசியில் எலும்பு மருத்துவர்கள் இன்னும் எளிய வழியைத்தான் பெரும்பாலும் கைக்கொண்டார்கள். எலும்பு பற்றிக்கொள்ள வேண்டிய இடத்தில் டைட்டானியம். உராயும் இடத்தில் கோபால்ட் குரோம் அல்லது பீங்கான். அவரவர்க்குத் தக்க வேலை. வாயு நைட்ரைடிங் கைவிடப்படவில்லை. கைக்கடிகாரத்திலும் இயந்திர உறுப்புகளிலும் அதற்கு இடம் உண்டு.

இனி ஆசிரியை அம்மாவின் மூட்டுக்கு வருவோம். பொன்னிற முழங்கால் மூட்டுகளில் பெரும்பாலானவை டைட்டானியமே அல்ல. உள்ளே இருப்பது கோபால்ட் குரோம். மேலே நாலைந்து மைக்ரான் பூச்சு. குறைந்த சூட்டில், வேக்குவத்தில், ஆவியாகப் படியச் செய்கிறார்கள். உள் உலோகம் கெடுவதில்லை என்பது அதன் நன்மை. ஆனால் இது பெட்டி வகை, குத்துவிளக்கு வகை அல்ல. மெத்தைமேல் வைத்த கண்ணாடித் தகட்டில் அழுத்தினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கீழே இருப்பது எவ்வளவு உறுதியோ அவ்வளவுதான் மேலுள்ள ஏட்டுக்கு ஆயுசு. உடலிலிருந்து திரும்ப எடுக்கப்பட்ட, பூச்சிட்ட டைட்டானியக் குண்டுகள் சிலவற்றில் பூச்சு பெயர்ந்திருந்தது பதிவாகியுள்ளது. கோபால்ட் குரோம் அதைவிட நல்ல அடித்தளம். என்றாலும் பூச்சுள்ள முழங்கால் மூட்டு, பூச்சில்லாததைவிட அதிகக் காலம் உழைக்கும் என்பதற்குத் தெளிவான நிரூபணம் இதுவரை இல்லை என்கிறார் எங்கள் மருத்துவர்.

ஒரு கூட்டத்தாருக்கு அது உதவலாம். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்களை நாம் அறிவோம். நிக்கல் ஒவ்வாமை அது. கோபால்ட் குரோமில் நிக்கல் சிறிதளவு உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர் டைட்டானிய மூட்டையோ பூச்சிட்டதையோ யோசிப்பார்.

விலையையும் சொல்லிவிட வேண்டும். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை நிர்ணயித்தபோது, கோபால்ட் குரோம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாயும், டைட்டானியம் முதலிய சிறப்பு உலோக மூட்டுக்கு 76,600 ரூபாயும் என்று வைத்தது. வித்தியாசம் 21,880 ரூபாய். பொன்னிற மூட்டுக்கு எங்களிடம் கூறப்பட்ட விலையும் சாதாரண மூட்டைவிடக் கணிசமாக அதிகமே.

அந்தக் காணிக்கைக்கென்று குழு தெரிந்துகொண்டவர் பனங்காட்டில் கருப்பட்டி காய்ச்சும் ஒரு விதவைத் தாய். அடுப்படியில் குந்தியே காலம் கழித்தவர். இரண்டு முழங்காலும் வில்லாய் வளைந்துவிட்டன. நகை போட்டால் அரிக்குமா என்று மருத்துவர் கேட்டார். "முப்பது வருஷமா கவரிங் வளையல்தான் ஐயா, ஒண்ணும் செய்யல" என்றார். பொன்னிற மூட்டு அவருக்குத் தேவையில்லை என்று அதோடு தீர்ந்தது.

இதையெல்லாம் ஆசிரியை அம்மாவுக்கு எழுதினோம். கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, நிச்சயமாய் மட்டமானது இல்லையே?" என்று இரண்டு தரம் கேட்டார். அவருடைய சந்தேகத்தில் நியாயம் உண்டு. ஏழைக்கு இது போதும் என்ற பேச்சு தர்ம ஆஸ்பத்திரிகளிலும் நுழையாமலில்லை. மருத்துவர் தொலைபேசியை வாங்கி, நான்கு ஆண்டுகளுக்கு முன் தம் தாயாருக்கு இதே வெள்ளிநிற மூட்டைத் தாமே வைத்ததைச் சொன்னார். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் மீதிப் பணத்தில் அந்தத் தாய்க்கு இரண்டாவது காலையும் பாருங்கள், குறைவதை அனுப்புகிறேன்" என்றார்.

ஈஸ்டர் முடிந்து இரண்டாம் வாரம் வலது கால் அறுவை தேவ கிருபையால் நல்லபடியாய் நடந்தது. இப்போது நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வார்டின் கோடி வரை போய்த் திரும்புகிறார். குந்தி உட்காரக் கூடாது என்பதால், நின்றபடி கருப்பட்டி காய்ச்ச உயரமான அடுப்பு ஒன்றை அவர் ஊர்ச் சபையார் கட்டிக்கொடுக்கிறார்கள். இடது காலுக்கு மழைக்காலத்துக்கு முன் நாள் குறிக்கப்படும். அவருக்காகவும், மூட்டு மாற்றுக்குக் காத்திருக்கும் மற்றவர்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.